சத்திரங்களின் சாலையில் ஒரு மின்சாரக் கார்

நெடும்பயணம் புறப்படுகிறவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?" என்பதன்று, "எங்கெங்கே தங்குவோம்?" என்பதே. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மாட்டு வண்டியில் இராமேசுவரம் சென்றவர்கள், காளைகளுக்குத் தண்ணீர் காட்டும் குளம் எங்கே, வைக்கோல் கிடைக்கும் ஊர் எது, இருட்டுவதற்குள் எந்தச் சத்திரத்தை எட்டலாம் என்பதையெல்லாம் கணக்கிட்ட பின்னரே வண்டி பூட்டினர். பெட்ரோலும் டீசலும் வந்தன. முக்குக்கு முக்கு எண்ணெய் விற்கும் நிலையங்கள் எழுந்தன. அந்தக் கணக்கு நம் நினைவை விட்டு அகன்றது. நினைத்த நேரத்தில் ஏறி அமர்ந்து புறப்படலாம் என்னும் துணிவு நமக்கு வந்துவிட்டது.

மறந்து போன அந்தப் பழைய கணக்கை, மிகப் புதிய வண்டியொன்று நமக்கு மீண்டும் கற்பித்தது. அதுவே மின்சாரக் கார். நம் தமையனாரின் மகன் இவ்வகைக் கார் ஒன்றை வாங்கினான். தஞ்சைக்குள் அலுவலகம் செல்லவும் அங்காடி செல்லவும் அது இனிதே ஓடிற்று. முதல் நெடும்பயணம் எங்கே என்ற பேச்சு எழுந்தபோது, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து விடை வந்தது. கூடத்தில் அமர்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த நம் பெரியம்மா, "தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார்.

பெரியம்மாவுக்கு வயது 83. அவருடைய தந்தையார் இரயில்வே ஊழியர். தனுஷ்கோடி நிலையத்தில் பணியாற்றியபோது குடும்பமும் அங்கேயே வாழ்ந்தது. 1957-இல் மாற்றல் வந்து அவர்கள் வெளியேறியபோது பெரியம்மாவுக்கு 15 வயது. ஏழாண்டுகள் கழித்து, 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் அடித்த புயலும் கடற்கொந்தளிப்பும் அவ்வூரையே அழித்தன. நிலையத்தை நெருங்கிய பயணிகள் வண்டி ஒன்று, உள்ளிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலைகளுள் மூழ்கியது. பெரியம்மாவின் விளையாட்டுத் தோழியர் என்ன ஆயினர் என்பது அவருக்கு இன்றளவும் தெரியாது. "அங்க போயி எதைப் பார்க்க?" என்று அறுபது ஆண்டுகளாக மறுத்தே வந்தவர், இவ்வாண்டு தாமாகவே கேட்டார். ஏன் இப்போது என்று நாம் வினவவில்லை. எண்பத்து மூன்று வயதில் ஒருவர் இப்படிக் கேட்டால் அதற்குக் காரணம் கேட்பது முறையன்று.

ஆனால் வீட்டில் அச்சம் எழுந்தது. முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவரை ஏற்றிக்கொண்டு, மின்னேற்றும் நிலையங்கள் நெருக்கமாக இல்லாத கடற்கரைச் சாலையில் புதுவகை வண்டியில் போவதா? நடுவழியில் நின்றுவிட்டால் யாது செய்வது? வாடகைக்கு டீசல் வேன் பிடிக்கலாம் என்றார் அண்ணியார். ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்றான் தமையனாரின் மகன். "முதலில் கணக்குப் போடுவோம், கணக்கு ஒத்துக்கொண்டால் புறப்படுவோம்" என்று தமையனார் முடிவு சொன்னார். அந்தக் கணக்கை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளுதல் பயனுடையது. இனிவரும் ஆண்டுகளில் நம் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய வண்டி வந்து நிற்கும்.

யூனிட் கணக்கு

மின்சாரக் காரின் மின்கலத்தைக் குறித்துச் சொல்லப்படும் எண்கள் கண்டு மிரள வேண்டுவதில்லை. நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் அதே யூனிட்டே இங்கும் அளவை. நம் வண்டியின் மின்கலம் 45 யூனிட் கொள்ளும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை அறிந்தால் போதும். எஞ்சியது பெருக்கல் வாய்பாடு.

முழு மின்னேற்றத்தில் 450 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று விற்பனைத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். அது பொய்யன்று. வகுக்கப்பட்ட முறைப்படி, மிதமான வேகத்தில் நடத்தும் சோதனையில் பெற்ற எண் அது. ஐந்து பேர் ஏறி, மூட்டைகளை அடுக்கி, குளிரூட்டியை இயக்கி, நெடுஞ்சாலையில் விரையும்போது அதே எண் கிடைக்காது. வேகம் கூடக் கூட, எதிர்க்கும் காற்றின் தடை அதன் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள காற்றுத் தடை, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மடங்கிற்கும் சற்று அதிகமாகிவிடும். எனவே 80-ஐத் தாண்டுவதில்லை என்பது எங்கள் முதல் விதியாயிற்று. அவ்வேகத்தில் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் விதி, மின்கலத்தில் ஐந்தில் ஒரு பங்கினை எக்காரணங்கொண்டும் தொடுவதில்லை என்பது. குதிருக்குள் விதைநெல் இருப்பதுபோல அந்த ஒன்பது யூனிட் அப்படியே இருக்க வேண்டும். 45-இல் 9 போனால் 36. ஆறால் பெருக்கினால் 216 கிலோமீட்டர். தஞ்சையிலிருந்து இராமேசுவரம் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் 230 கிலோமீட்டர். அங்கிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை மேலும் இருபதுக்குச் சற்று மேல். ஆதலால் நடுவில் ஒருமுறையேனும் மின்னேற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவதாகப் பருவத்தைக் கருதினோம். நாங்கள் குறித்தது 2025-ஆம் ஆண்டின் ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர்; அம்மி பறக்கும் காற்றில் யூனிட்டும் பறக்கும். அம்மாதங்களில் தென்மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. பட்டுக்கோட்டைக்குக் கீழே கடற்கரைச் சாலையும் தென்மேற்கு நோக்கியே இறங்குகிறது. போகும்போது காற்று முகத்தில் அறையும். வரும்போது முதுகில் தள்ளும். எனவே போகும் வழிக்கு ஒரு யூனிட்டுக்கு ஐந்தரை கிலோமீட்டர் என்று கணக்கைத் திருத்தினோம். ஆடி அமாவாசையை ஒட்டி இராமேசுவரத்தில் பெருங்கூட்டம் கூடுமாதலால் அந்த வாரத்தையும் விலக்கினோம்.

மின்னேற்றும் முறை பற்றியும் ஒரு சொல். வீடுகளில் ஏ.சி.க்கும் வெந்நீர்க் கருவிக்கும் வைத்திருக்கும் 15 ஆம்பியர் பெரிய பிளக்கில் செருகினால் மணிக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் ஏறும். இரவு முழுதும் விட்டுவைத்தால் காலையில் முப்பது யூனிட்டுக்கு அருகில் வந்துவிடும். சாலையோர விரைவு நிலையங்களில் ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பகுதி நிரம்பும். ஆயினும் 80 விழுக்காட்டைக் கடந்த பின் ஏற்றம் மெதுவாகும். பந்தியில் இலைகள் நிறைய நிறையப் புதிதாய் வருவோர்க்கு இடம் தேடி அமர்த்த நேரம் பிடிப்பதைப் போன்றதே இது. அவசரப்பட்டுத் திணித்தால் மின்கலம் கெடும் என்பதற்காகவே கருவி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

முழங்காலின் கணக்கு

கணக்கெல்லாம் முடித்த பின்பே ஓர் உண்மை புலப்பட்டது. வண்டியைவிட முந்தி நிற்க வேண்டியவர் பெரியம்மா. அவருடைய முழங்கால் ஒன்றேகால் மணி நேரத்திற்கு மேல் மடங்கியிருக்க இசையாது. இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். தூய்மையான கழிப்பறை வேண்டும். வேளை தவறாமல் மாத்திரையும் அதற்கு முன் சிறிது உணவும் வேண்டும். மின்கலம் 200 கிலோமீட்டர் தாங்கும். மனித உடல் 60 கிலோமீட்டரில் ஓய்வு கேட்கிறது. அப்படியாயின் பயணத்தின் அளவுகோல் எது? வண்டியுள் இருப்போரில் எவர் மிகவும் மெலிந்தவரோ அவரே அளவுகோல். இதனை ஏற்றவுடன் பாதிச் சிக்கல் தானே அவிழ்ந்தது. பெரியம்மாவுக்காக நிற்கும் இடங்களை முதலில் குறித்தோம். அவற்றுள் எங்கே மின்னேற்ற வசதி உண்டு என்று பின்னர்த் தேடினோம்.

பட்டுக்கோட்டையில் காலைச் சிற்றுண்டி. அங்கே அரைமணி நேரம் மின்னேற்றம். மனோராவில் இளைப்பாறல். மீமிசலுக்கு அப்பால் ஒரு நிறுத்தம். இராமநாதபுரத்தில் மதிய உணவும் முக்கிய மின்னேற்றமும். தீவில் நம் நண்பர் ஒருவரின் இல்லம் தங்கச்சிமடத்தில் உள்ளது, இரவு அங்கே. நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னோம். 15 ஆம்பியர் பிளக் உண்டா, நில இணைப்பு சரியாக உள்ளதா என்று மின்பணியாளரை அழைத்துப் பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டோம்.

பட்டுக்கோட்டை நிறுத்தத்தைத் தமையனாரின் மகன் ஒப்பவில்லை. "48 கிலோமீட்டர்தான் ஆகியிருக்கும், சித்தப்பா. எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது யாராவது சார்ஜ் போடுவார்களா? நேரம்தான் வீண்" என்றான். தொழில்நுட்ப முறையில் அவன் சொன்னது சரியே. ஆனால் பெரியம்மா எப்படியும் அங்கே இறங்குவார்; அவர் இட்லி உண்ணும் நேரத்தில் வண்டியும் சிறிது உண்ணட்டும் என்று தமையனார் சொல்லிவிட்டார்.

மன்னர் அமைத்த நிறுத்தங்கள்

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். தஞ்சையின் எல்லை கடந்ததும் வயல்வெளி. வண்டியில் ஓசையில்லை, டயர்கள் சாலையில் உருளும் அரவமும் பெரியம்மாவின் செபமாலை மணிகள் உரசும் ஒலியுமே கேட்டன. ஒரத்தநாட்டை அணுகியதும் வேகத்தைத் தணித்து முத்தம்பாள் சத்திரத்தைப் பார்த்தோம்.

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரிய முத்தம்பாளின் நினைவாக 1802-இல் எழுப்பிய அறச்சாலை இது. இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்க்கென மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் பலவற்றுள் இஃது ஒன்று. கல்லிற் செதுக்கிய குதிரைகளும் யானைகளும் கட்டடத்தை இழுத்துச் செல்வதுபோலத் தோன்றும். நகராத கட்டடத்தையும் தேராகக் கண்ட சிற்பியின் உள்ளம் வியப்புக்குரியது. சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதி டோரினுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இச்சத்திரங்களின் பணிகளை விளக்கியுள்ளார். வருவோர் எக்குலத்தவராயினும் உணவு பெற்றனர். நோயுற்றோர்க்கு மருந்தும், நலம்பெறும்வரை தங்குமிடமும் கிடைத்தன. கருவுற்ற பெண்டிர் அங்கேயே பேறுகாலப் பராமரிப்புப் பெற்றனர். வழியில் இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி இறுதிக்கடன் நிகழ்ந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்வியும் உண்டு.

இன்றைய மின்னேற்றும் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் உணவு விடுதியின் பின்புறத்தில் ஒரு கருவி. அதனைத் திறக்க நம் கைப்பேசியில் ஒரு செயலி. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு செயலி. நிழல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மின்சாரம் கிடைக்கிறது; ஆனால் அங்கு நிற்கும் அரைமணி நேரமும் மனிதர் இருக்க வேண்டுமே என்னும் நினைவு இன்னும் முழுமையாக வரவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மாட்டு வண்டிகளுக்காக அமைந்த நிறுத்தத்தில் மகப்பேறு பார்க்கவும் ஏற்பாடு இருந்தது. நம் காலத்து நிறுத்தங்களில் முதியோர் அமர ஒரு நாற்காலியும் நீர்க்குடமும் வைப்பது அரிய செயலா?

பட்டுக்கோட்டையில் திட்டப்படி நின்றோம். பெரியம்மா இரண்டு இட்லி உண்டு, அண்ணியாரின் தோள் பற்றி நடந்தார். அரைமணியில் ஆறு யூனிட் ஏறிற்று. அங்கிருந்து தெற்கே இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும் மனோரா கண்ணிற் பட்டது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக அதே சரபோஜி மன்னர் 1814, 1815 ஆண்டுகளில் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். ஐரோப்பாவில் நிகழ்ந்த போருக்கு மல்லிப்பட்டினம் மீனவர் நடுவே நினைவுச் சின்னம்! பெரியம்மா அண்ணாந்து பார்த்து, "சண்டைக்குக் கட்டினதைக் காட்டிலும் சாப்பாட்டுக்குக் கட்டினதுதான் அழகு" என்றார். அதற்குமேல் நாம் கூற ஒன்றுமில்லை.

அடுத்து வரும் ஊரின் பெயரே சேதுபாவாசத்திரம். பிறகு கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கடற்கரை ஊர்கள் வரிசையாக வருகின்றன. இடப்புறம் உப்புக் காற்று, வலப்புறம் கருவேலங்காடு. வலையுலர்த்தும் திடல்கள், மணல் மேட்டில் ஒற்றைப் பனை. எதிர்க்காற்று நாங்கள் எண்ணியபடியே அடித்தது. முகப்புத் திரையில் மீதமுள்ள தொலைவைக் காட்டும் எண், நாம் கடந்த தொலைவைவிட விரைந்து குறைந்தது. முதன்முறை காண்போர்க்கு அச்சந்தரும் காட்சி இது. ஐந்தரையால் வகுத்து வைத்திருந்தமையால் எங்களுக்கு அச்சமில்லை.

கருவி உறங்கிய நண்பகல்

இராமநாதபுரத்தை அடைந்தபோது 45-இல் 20 யூனிட் இருந்தது, கணக்கு பிசகவில்லை. பிசகியது வேறு. மின்னேற்றும் கருவியின் திரை இருண்டு கிடந்தது. முந்திய நாள் மாலை விசாரித்தபோது இயங்கிய கருவி அன்று காலையிலிருந்து பழுதாம். எப்போது சீராகும் என்று அங்கிருந்தோர்க்குத் தெரியவில்லை.

இளையவன் உடனே கணக்கிட்டான். "இருபது யூனிட் இருக்கிறது. அரிச்சல்முனைக்கு 77 கிலோமீட்டர், 14 யூனிட். அங்கிருந்து திரும்பித் தங்கச்சிமடம் 32 கிலோமீட்டர், 6 யூனிட். சரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம், அப்பா. பாட்டி இன்றைக்கே பார்த்துவிடலாம்." அவன் குரலில் பெரியம்மாவின் மீதுள்ள அன்பே இருந்தது. எனினும் அக்கணக்கின் முடிவில் எஞ்சுவது சுழியம். இருபுறமும் கடல் சூழ்ந்த சாலையில், பொழுது சாயும் நேரத்தில், ஆடிக் காற்றில், ஒரு யூனிட் கூடக் குறைந்தால் 83 வயது முதியவர் நடுவழியில் இருப்பார். அந்த முனையில் ஒதுங்க வீடில்லை. மாலை மங்குமுன் வண்டிகள் திரும்பிவிட வேண்டும் என்பதும் அங்குள்ள ஒழுங்கு.

தமையனார் மகனைக் கடியவில்லை. "பட்டுக்கோட்டையில் ஏற்றிய ஆறு யூனிட்டைக் கழித்துப் பார்" என்று மட்டும் கூறினார். கழித்தால் 14. அதில் தங்கச்சிமடம் சேர்வதற்கே எட்டு ஆகும். விதைநெல்லில் கை வைக்க நேரும். பெரியம்மாவின் முழங்காலுக்காக நின்ற அரைமணி நேரமே இப்போது எங்களைக் கரை சேர்க்கவிருந்தது. இளையவன் சற்று நேரம் பேசாதிருந்தான்.

இறுதி முடிவைப் பெரியம்மாவே சொன்னார்: "அறுபத்தெட்டு வருசம் காத்துக் கிடந்தவளுக்கு ஒரு ராத்திரி பெரிசாய்யா? போயிப் படுப்போம். காலையில பார்த்துக்கலாம்."

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவுகூர்தல் தகும். உலகில் மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்தை மேற்கொண்டவர் ஒரு தாய். ஜெர்மனியில் 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸ் என்னும் பொறியாளரின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவர் செய்த வண்டியை அவரறியாமல் எடுத்துக்கொண்டு, இரு மைந்தருடன் மன்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபோர்ஸ்ஹைமுக்குத் தம் தாயைக் காணப் புறப்பட்டார். அந்நாளில் பெட்ரோல் நிலையம் ஏது? வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்குவதற்கு விற்ற திரவத்தை வாங்கி வண்டிக்கு ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தடைக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். மேடுகளில் பிள்ளைகள் தள்ளினர். அவர் திரும்பி வந்து சொன்னவற்றைக் கொண்டே வண்டியில் மேடேறுவதற்கெனத் தனிப் பற்சக்கர நிலை சேர்க்கப்பட்டது. இன்று எங்கும் காணும் எண்ணெய் நிலையங்களின் மூதாதை ஒரு மருந்துக் கடை! புதுவகை வண்டிக்கு முதலில் வழியமைத்துக் கொடுப்பவை கருவிகள் அல்ல; வழியிலுள்ள மனிதர்களே.

மடத்தில் ஓரிரவு

மண்டபம் கடந்து பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினோம். 1988-இல் திறக்கப்பட்ட இப்பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, நடுவில் கப்பல்களுக்காக உயர்ந்து பின் தாழ்கிறது. ஏறும்போது யூனிட் கரைந்தது; இறங்கும்போது மிதியிலிருந்து கால் எடுத்ததும் மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் சிறிது திருப்பித் தந்தது. அருகில் 1914-இல் அமைந்த பழைய இரயில் பாலமும், அதனருகே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலமும் நின்றன. பெரியம்மா பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "இது மேலதான் போவோம். அப்பா கையைப் பிடிச்சுக்குவேன்" என்றார்.

தீவில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என ஊர்ப் பெயர்களே வழிப்போக்கர் தங்கும் மடங்களை நினைவூட்டுகின்றன. நண்பரின் இல்லத்தை 12 யூனிட்டுடன் சென்றடைந்தோம், விதைநெல் குறையவில்லை. நண்பரின் துணைவியார் சமையலறை வெந்நீர்க் கருவியை நிறுத்திவிட்டு, அந்தப் பிளக்கிலிருந்து முற்றத்திற்குக் கம்பி இழுத்து வைத்திருந்தார். தெருப்பிள்ளைகள் சூழ்ந்து நின்று, கார் கைப்பேசியைப்போல "சார்ஜ்" ஏறுவதைக் கண்டு சிரித்தனர். மின்சாரத்துக்குரிய பணத்தை நாம் நீட்டியபோது நண்பர் கையை மடக்கிவிட்டார். "குடிக்கத் தண்ணி குடுத்தா காசு வாங்குவோமா?" என்றார். சரபோஜியின் சத்திரம் கல்லாக நிற்கிறது; அதன் உயிர் இப்படிப்பட்ட வீடுகளில் இருக்கிறது.

மண்ணுக்கடியில் நீர்

மறுநாள் விடியலில் 39 யூனிட்டுடன் புறப்பட்டோம். 2017-இல் சீரமைத்துத் திறக்கப்பட்ட சாலை அரிச்சல்முனைவரை நேராக ஓடுகிறது. இடப்புறக் கடலை அவ்வூரார் பெண்கடல் என்றும், வலப்புறம் கொந்தளிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். முனையில் இரண்டும் கலக்கின்றன. அப்பால் சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். சென்னையிலிருந்து இரயிலில் வந்து, இங்கே கப்பலேறி இலங்கை சென்ற நாட்கள் 1964-உடன் முடிந்தன.

ஊர் இருந்த இடத்தில் இறங்கினோம். கூரையிழந்த கோவில், நிலையத்தின் சிதைந்த சுவர்கள், தண்ணீர்த் தொட்டி, மணல். பெரியம்மா அழுவார் என்று எண்ணியிருந்தோம், அவர் அழவில்லை. கோவிலின் சுவரை வலக்கையால் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்தார். பிறகு வடதிசை நோக்கி மெல்ல நடந்து, ஓரிடத்தில் நின்று, "இங்கதான் தண்ணி எடுப்போம். கையால தோண்டுனா போதும்" என்றார். அருகிலிருந்த மீனவப் பெண் ஒருவர் சிரித்துக்கொண்டே தம் குடிசைப் பக்கத்து ஊற்றைக் காட்டினார். கடலிலிருந்து கல்லெறி தூரத்தில், மணலுக்குள் ஒரு முழம் ஆழத்தில், தெளிந்த நன்னீர். பெரியம்மா குனிய இயலாமல் நிற்க, தமையனாரின் மகன் மண்டியிட்டு உள்ளங்கையில் அள்ளிக் கொடுத்தான். அவர் குடித்தார். "அதே ருசி" என்றார்.

அவ்வளவே. அரைமணி நேரம் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் ஊர் திரும்பும் வழியில் காற்று முதுகில் தள்ள, ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டருக்கு மேல் கிடைத்தது. அதனால் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று மேற்கே விலகி, 1693 பிப்ரவரி 4-இல் புனித அருளானந்தர் குருதி சிந்திய ஓரியூரின் செம்மணலையும் மிதித்து வர நேரமும் மின்சாரமும் போதுமாயிருந்தன. பட்டுக்கோட்டையில் மீண்டும் நின்றோம். இம்முறை நிறுத்தச் சொன்னவன் இளையவனே.

மின்சாரக் காரைப் பற்றி மிகைபடப் புகழவும் வேண்டுவதில்லை, இகழவும் வேண்டுவதில்லை. புகையில்லாமல் ஓடுகிறது என்பது உண்மை. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது என்பதும் உண்மை. நாங்கள் கடந்த அதே இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில், 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குவது நம்பிக்கை தருகிறது. நிலையங்கள் பெருகும்; கருவிகள் செம்மையுறும்; நாங்கள் போட்ட கணக்கு சில ஆண்டுகளில் தேவையற்றுப் போகலாம்.

ஆனால் ஒன்று மாறாது. குடும்பமாகப் புறப்படும்போது வேகத்தை வண்டியின் வலிமை முடிவு செய்யலாகாது. உள்ளிருப்போரில் மெலிந்தவரின் தேவையே முடிவு செய்ய வேண்டும். கைக்குழந்தையோ, கருவுற்ற மகளோ, முழங்கால் வலிக்கும் முதியவரோ எவராயினும், அவருக்காக நிற்கும் அரைமணி நேரம் வீணாவதில்லை. உங்கள் வீட்டிலும் ஏதோ ஓர் ஊரின் பெயரை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, கேட்கத் தயங்கும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். வண்டி எதுவாயினும் ஆகுக. இன்றே அவரிடம் கேளுங்கள். கேட்டபின், அவருடைய அளவில் திட்டமிட்டு, விதைநெல்லைத் தொடாமல், அழைத்துச் சென்று வாருங்கள்.